விலாசம் எழுதி வைத்தவர்கள்

1666ம் வருஷம், செப்டம்பர் 4. லண்டன் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த நெருப்பு, மூன்றாவது நாளாகத் தெருத் தெருவாகத் தின்றுகொண்டு வருகிறது. ஜனங்கள் கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு தேம்ஸ் நதிக்கரைக்கு ஓடுகிறார்கள்.

அந்த அமளியில், கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் மெனக்கெட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். தங்கம் புதைக்கிறாரா? இல்லை. ஒயினை உள்ளே இறக்கினார். கூடவே தன்னுடைய பார்மேசன் சீஸையும். இத்தாலியச் சரக்கு. விலை அதிகம். விட்டுவிட்டுப் போக மனசு வருமா?

முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பாலாடைக்கட்டி விவகாரம் நமக்கு எப்படித் தெரியும்? புதைத்தவரே தம் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். பெயர், சாமுவேல் பீப்ஸ். 1660 ஜனவரி 1 ஆரம்பித்து 1669 மே 31 வரை எழுதினார். ராஜா முடிசூட்டிக்கொண்டது, பிளேக் வந்து ஊரே செத்தது, மனைவியோடு சண்டை, வயிற்று வலி, தியேட்டரில் பார்த்த நாடகம், தான் பண்ணிய தப்பு தண்டாக்கள். ஒன்று பாக்கியில்லை. கண் பார்வை போய்விடுமோ என்கிற பயத்தில்தான் நிறுத்தினார்.

விசேஷம் என்னவென்றால், அத்தனையும் சுருக்கெழுத்தில் இருந்தது. அவர் இறந்த பிறகு, அந்த ஆறு தொகுதிகளும் கேம்பிரிட்ஜில் உள்ள மாக்டலன் கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1819ல் ஜான் ஸ்மித் என்கிற மாணவரைப் பிடித்து உட்காரவைத்து, இதைப் படித்துச் சொல்லப்பா என்றார்கள். பாவம், மனுஷன் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாகக் கண்டுபிடித்தார். அந்தச் சுருக்கெழுத்து முறையைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் அதே நூலகத்தில், பீப்ஸின் அலமாரியிலேயே இருந்தது. அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை கதையும் கிட்டத்தட்ட இதேதான். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை, தான் பார்த்ததையும் கேட்டதையும் தமிழில் எழுதிக் குவித்தார். எழுதி வீட்டில் வைத்தார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே 19ம் நூற்றாண்டின் நடுவில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

ஆக, தனி மனிதர்கள் தங்கள் பாட்டுக்கு எழுதுவது ஒன்றும் புதிதல்ல. எழுதியது இன்னொருவர் கண்ணில் படுவதற்குத்தான் தலைமுறைகள் ஆகின. அந்த ஒரு சிக்கலை இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்களில் சில பேர் தீர்த்தார்கள். அப்புறம் நாமே அதைப் பாதி கெடுத்தும் கொண்டோம். இரண்டு கதையையும் பார்த்துவிடலாம்.

*

2003 ஜனவரி 1. லண்டனில் ஃபில் கைஃபோர்ட் என்கிற இணையத்தள வடிவமைப்பாளர் ஒரு வேலை செய்தார். பீப்ஸின் டைரியை எடுத்து, 1660 ஜனவரி 1ம் தேதி எழுதியதை அன்றைக்கு இணையத்தில் போட்டார். ஜனவரி 2க்கு அடுத்த பக்கம். தினம் ஒரு நாள். யாரோ ஒரு லண்டன்காரர் தினமும் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிற மாதிரியே இருந்தது. படித்தவர்கள் ஆளுக்கொரு குறிப்பு சேர்த்தார்கள். இந்தத் தெரு இன்றைக்கு எங்கே இருக்கிறது, இந்தப் பண்டத்தை எப்படிச் சமைப்பார்கள் என்று. ஒன்பதரை வருஷம் நடத்தி 2012 மே 31ல் முடித்தார். அடுத்த வருஷம் பிறந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்!

இந்த கைஃபோர்ட் கடைசியில் மறுபடி வருவார். இப்போதைக்கு ஒரு கேள்வி. 2003ல் இப்படி ஒரு யோசனை அவருக்கு எப்படித் தோன்றியது? ஏனென்றால் அப்போது ஊரெல்லாம் அதுதான் பேச்சு. வலைப்பதிவு. ப்ளாக். தேதி போட்டு எழுது, புதிதாக எழுதியது மேலே, பழையது கீழே. அவ்வளவுதான் இலக்கணம்.

அதன் ஆரம்பம் ஒரு கல்லூரி விடுதி. 1994 ஜனவரி. அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால், 19 வயது, தனக்கென்று ஒரு பக்கம் போட்டார். இணையத்தில் தான் கண்டுபிடித்த விநோதமான இடங்களின் முகவரிகளை வரிசையாக எழுதினார். அப்படியே நடுநடுவே தன்னைப் பற்றியும். காதல், குடும்பத்துத் துக்கம், ஊர் சுற்றியது எல்லாம். அன்றைக்கு இன்றைய மாதிரித் தேடுபொறி கிடையாது. கூகுள் பிறக்க இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. யாராவது ஒருத்தர் 'அங்கே போய்ப் பார்' என்று சொன்னால்தான் உண்டு. ஹால் சொன்னார். ஜனங்கள் போனார்கள்.

1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்பவர், தினமும் தான் படித்தவற்றின் முகவரிகளைக் குறித்து வைக்க ஒரு பக்கம் ஆரம்பித்தார். அதற்கு 'வெப்லாக்' என்று பேர் வைத்தார். கப்பலில் அன்றாட நடப்பை எழுதிவைக்கும் புத்தகத்துக்கு 'லாக்' என்று பெயர். இது வலைக்கடலில் போகிறவரின் லாக். 1999ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்கிற குறும்புக்காரர் அதே சொல்லை வேறு இடத்தில் உடைத்து 'வீ ப்ளாக்' என்று வாசித்தார். 'நாங்கள் ப்ளாகுகிறோம்.' விளையாட்டாகச் சொன்னது, அதுவே நிலைத்துவிட்டது.

அப்போது உலகத்தில் மொத்தம் எத்தனை வலைப்பதிவுகள்? ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் தன்னைப் போலவே எழுதுகிறவர்கள் வேறு யார் யார் என்று தேடிப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். 1999 தொடக்கத்தில் அதில் இருந்த பெயர்கள் 23. ஒரு மினி பஸ்ஸில் மொத்த ஜனத்தொகையையும் ஏற்றிவிடலாம். அந்தப் பட்டியலை கேமரான் பாரெட் என்பவருக்கு அனுப்பினார். அவர் தன் பக்கத்தில் வெளியிட்டார். பார்த்தவர்கள், 'அடடே, நானும்தான் இப்படி ஒன்று வைத்திருக்கிறேன்' என்று எழுதிப்போட ஆரம்பித்தார்கள்.

பட்டியல் பெரிதானதும் பஞ்சாயத்தும் வந்தது. எதைச் சேர்ப்பது? எதை விடுவது? முகவரி கொடுத்தால்தான் வெப்லாகா? சொந்தக் கதை எழுதினால் ஆகாதா? பிரிஜிட் ஈட்டன் என்கிற பெண்மணி தனியாக ஒரு பட்டியல் தொகுத்தார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. எழுதியதில் தேதி இருக்கவேண்டும். அவ்வளவுதான். நன்றாக எழுதுகிறாயா, எதைப் பற்றி எழுதுகிறாய், நீ யார்? ஒன்றும் கேட்கவில்லை. தேதி போட்டிருக்கிறதா, உள்ளே வா.

எனக்கென்னவோ இந்த வரலாற்றின் மிகப் பெரிய முடிவு அதுதான் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அவர் 'தரமானவை மட்டும்' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தால், பின்னால் வந்த கூட்டத்தில் முக்கால்வாசி வெளியே நின்றிருக்கும்.

1999 ஆகஸ்டில், சான்பிரான்சிஸ்கோவில் பைரா லாப்ஸ் என்கிற குட்டிக் கம்பெனி 'பிளாகர்' சேவையை ஆரம்பித்தது. ஈவன் வில்லியம்ஸ், மெக் ஹூரிஹன் தொடங்கிய கம்பெனி. அதுவரை சொந்தப் பக்கம் வைக்க வேண்டுமென்றால் கொஞ்சமாவது கம்ப்யூட்டர் பாஷை தெரிய வேண்டும். பிளாகரில் ஒரு கட்டம், ஒரு பொத்தான். எழுது, அமுக்கு, முடிந்தது. காசு கிடையாது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை விலைக்கு வாங்கியது.

*

அப்புறம் வந்ததுதான் நிஜமான திருவிழா.

2002 ஆகஸ்டில், நியூயார்க்கில் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் குடியிருந்த ஜூலி பவல் ஒரு சபதம் எடுத்தார். ஆபீஸில் காரியதரிசி வேலை. வாழ்க்கை சப்பென்று இருந்தது. ஜூலியா சைல்டின் பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தில் இருக்கும் 524 பதார்த்தங்களையும் 365 நாளில் சமைத்துவிடுவது, ஒவ்வொன்றையும் எழுதிவிடுவது. கருகியது, பொங்கியது, அழுதது எல்லாம் வந்தது. படிக்க ஒரு பெரிய கூட்டமே சேர்ந்தது. புத்தகமானது. 2009ல் சினிமாவும் ஆனது.

அதே 2002ல் பாக்தாதில் ஓர் இளைஞர். கட்டடக் கலைஞர். ஜோர்டானில் படித்துக்கொண்டிருந்த சிநேகிதன் ராயித் மின்னஞ்சலுக்கு ஒழுங்காகப் பதில் போடுவதில்லை. சரி, அவன் எப்போது வேண்டுமானாலும் வந்து படிக்கட்டும் என்று ஒரு வலைப்பதிவு ஆரம்பித்தார். 'ராயித் எங்கே?' என்பதுதான் தலைப்பு. தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் சலாம் பாக்ஸ். அரபியில் சலாம், லத்தீனில் பாக்ஸ், இரண்டுக்கும் அர்த்தம் சமாதானம். 2003 மார்ச்சில் அமெரிக்கா குண்டு போட ஆரம்பித்தபோது, உலகத்துக்கே பாக்தாதின் உள்ளே இருந்து பேசிய குரல் அவருடையது. தக்காளி என்ன விலை, எந்தப் பக்கம் வெடித்தது, பாட்டு கேட்க முடிந்ததா இல்லையா.

அப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருக்கிறாரா என்று பத்திரிகை உலகம் அடித்துக்கொண்டது. சி.ஐ.ஏ. வேலை என்று சொன்னவர்கள் உண்டு. பீட்டர் மாஸ் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் போர்ச் செய்தி சேகரிக்க பாக்தாத் போனார். ஒரு மொழிபெயர்ப்பாளரை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊர் திரும்பி, சலாம் பாக்ஸ் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் வருகிற சம்பவங்களில் அவரே இருக்கிறார்! கூடவே சுற்றிய அந்த மொழிபெயர்ப்பாளர்தான் சலாம் பாக்ஸ். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்த ஆளைத்தான் உலகமே தேடிக்கொண்டிருந்தது.

இன்னும் பத்து வருஷம் தள்ளி, 2012ல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்று ஒரு ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளிக்கூடத்தில் தினமும் மத்தியானம் தட்டில் என்ன விழுகிறது என்று போட்டோ எடுத்து, மார்க் போட்டு எழுதினாள். உள்ளூர் நிர்வாகத்துக்குக் கோபம் வந்து, கேமரா கொண்டுவரக்கூடாது என்று தடை போட்டது. நாடே கொதித்தெழுந்தது. தடை பறந்தது. அந்தப் பரபரப்பில் ஏழைக் குழந்தைகளின் பள்ளி உணவுக்காக அவள் திரட்டிக் கொடுத்த தொகை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

சமையலறை, யுத்தகளம், பள்ளிக்கூடத் தட்டு. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இந்த மூவரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லியிருக்க மாட்டார். அவர்களாகவே வந்தார்கள்.

*

ஆனால் இத்தனை பேர் எழுதினால் யார் எழுதியதை எங்கே போய்ப் படிப்பது? தினமும் நூறு வீட்டுக் கதவைத் தட்டி 'இன்னிக்கு ஏதாவது எழுதினீங்களா?' என்று கேட்க முடியுமா?

அதற்கும் வழி பிறந்தது. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த ராமநாதன் குஹாவும் டான் லிபியும் சேர்ந்து ஆர்.எஸ்.எஸ். என்று ஒன்றை உருவாக்கினார்கள். (நீங்கள் நினைக்கிற ஆர்.எஸ்.எஸ். அல்ல. இது இணையச் சங்கதி!) குஹா நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். சங்கதி ரொம்ப எளிமை. வாசலில் பேப்பர் போடும் பையன் மாதிரி. உங்களுக்குப் பிடித்த நூறு பேரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், யார் எப்போது புதிதாக எழுதினாலும் அது உங்கள் வாசலுக்கு வந்து விழும். வரிசையாக, தேதி வாரியாக. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நடுவில் முடிவு பண்ண ஆள் கிடையாது. பின்னால் பலர் அதை வளர்த்தெடுத்தார்கள். 2000ல் அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்கிற 14 வயதுப் பையனும் ஒருவன்.

கூடவே ஒவ்வொருவர் பக்கத்தின் ஓரத்திலும், அவர் வழக்கமாகப் படிக்கிறவர்களின் பட்டியல் ஒன்று தொங்கும். ஒரு வீட்டுக்குப் போனால் பத்து வீட்டுக்கு வழி. கருத்தில் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறவர்கள்கூட, சண்டைக்கு ஆதாரமாக எதிராளியின் முகவரியைக் கொடுத்துத்தான் திட்டினார்கள். படிக்கிறவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழிலும் இதேதான் நடந்தது. நமக்குக் கூடுதலாக ஒரு தலைவலி இருந்தது. எழுத்துரு. ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோட் வந்துதான் அந்த அவஸ்தை தீர்ந்தது. 2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் ஒன்று, இரண்டு என்று முளைத்தன. இங்கேயும் முதலில் யாரோ ஒருத்தர் கையால் பட்டியல் போட்டார்கள். 2004ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். யார் எங்கே எழுதினாலும் தலைப்பு அங்கே வந்து நிற்கும். மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொரண்டோ, துபாய். அடுத்தடுத்த வரியில் நின்றார்கள். கவிதை, கணினி, கிரிக்கெட், சாதிச் சண்டை, சமையல் குறிப்பு எல்லாம் ஒரே திண்ணையில். அடிதடியும் நடந்தது. திண்ணை என்றால் அப்படித்தானே?

2004 டிசம்பர் 26ல் சுனாமி அடித்தபோது, மும்பையிலிருந்து பீட்டர் கிரிஃபின், டினா மேத்தா, ரோஹித் குப்தா மூன்று பேரும் ஒரு வலைப்பதிவைத் திறந்தார்கள். எங்கே என்ன உதவி தேவை, யாரைக் கேட்பது என்கிற தகவல்களை ஊர் ஊராக இருந்து முன்பின் தெரியாதவர்கள் வந்து நிரப்பினார்கள். அங்கேயும் அடிப்படைச் சங்கதி ஒன்றுதான். பட்டியல்.

*

இனி இந்தக் கதையின் வலி மிகுந்த பகுதி. அதற்கு இரானுக்குப் போகவேண்டும்.

ஹொசைன் தெரக்ஷான். 1975ல் டெஹ்ரானில் பிறந்தவர். சீர்திருத்தம் பேசிய பத்திரிகைகளில் கம்ப்யூட்டர், இணையம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 2000ல் இரான் நீதித்துறை அப்படிப்பட்ட பத்திரிகைகளாகப் பார்த்து வரிசையாக மூடியது. அந்த வருஷக் கடைசியில் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு பாரசீக மொழியில் வலைப்பதிவு தொடங்கினார். 2001 நவம்பரில், பிளாகரையும் யூனிகோடையும் வைத்துக்கொண்டு பாரசீகத்தில் எப்படி வலைப்பதிவு எழுதுவது என்று படிப்படியாக ஒரு விளக்கம் போட்டார். அவ்வளவுதான் செய்தார்.

இரான் பொங்கிவிட்டது. பத்திரிகை மூடப்பட்டவர்கள், வீட்டுக்குள் இருந்த பெண்கள், மாணவர்கள், மதகுருமார்கள். சில வருஷத்துக்குள் பல்லாயிரம் பாரசீக வலைப்பதிவுகள். தெரக்ஷானுக்கு 'வலைப்பதிவுகளின் தந்தை' என்றே பேர் வந்தது. அவர் ஒரு முகவரி கொடுத்தால் அந்தப் பக்கத்துக்கு அன்றைக்கே கூட்டம் அலைமோதும்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 2003 ஏப்ரலில் சினா மொதலெபி என்கிற பத்திரிகையாளரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வலைப்பதிவில் எழுதியதற்காகச் சிறைப்பட்ட முதல் சிலரில் ஒருவர். 2009ல் ஒமித் ரெசா மிர்சயாஃபி என்கிற வலைப்பதிவர் டெஹ்ரான் எவின் சிறையிலேயே இறந்துபோனார். எழுதியது ஒரு சொந்தப் பக்கத்தில். கொடுத்த விலை உயிர்.

தெரக்ஷான் விவகாரமான ஆசாமி. 2006ல் கனடா பாஸ்போர்ட்டில் இஸ்ரேலுக்குப் போய் அங்கிருந்து எழுதினார். பிறகு தடாலடியாக இரான் அரசுக்கு ஆதரவாகப் பேசினார். பழைய சிநேகிதர்களே அவரோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். 2008ல் ஊர் திரும்பினார். நவம்பர் மாதம் கைது. 2010ல் தீர்ப்பு. பத்தொன்பதரை வருஷம்.

ஆறு வருஷம் கழித்து, 2014 நவம்பரில் மன்னித்து விடுதலை செய்தார்கள்.

வெளியே வந்தவர் மறுபடி எழுத உட்கார்ந்தார். எழுதியதன் முகவரியைப் பழக்கதோஷத்தில் ஃபேஸ்புக்கில் போட்டார். ஒரு காலத்தில் தினமும் இருபதாயிரம் பேர் வந்து படித்த எழுத்து. விழுந்த லைக், மூன்று.

அவருக்குப் புரியவில்லை. குகைக்குள் தூங்கப் போய், பல நூறு வருஷம் கழித்து விழித்து, கையிலிருந்த காசு செல்லாது என்று கடைத்தெருவில் தெரிந்துகொண்டவர்களின் கதை குர்ஆனில் வருகிறது. தன் நிலைமையை அதோடுதான் ஒப்பிட்டார். அவர் கையில் இருந்த செல்லாக்காசு, 'லிங்க்.' ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் அந்த முகவரி. அவர் உள்ளே போனபோது இணையமே அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்தபோது, ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவதற்கு அவசியமே இல்லாமல், எல்லாரும் இரண்டு மூன்று பெரிய கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எதைப் பார்ப்பது என்பதைக் கட்டடத்துச் சொந்தக்காரரின் கணக்கு முடிவு செய்தது.

அப்படி என்ன நடந்தது அந்த ஆறு வருஷத்தில்?

2009 அக்டோபரில் யாஹூ, ஜியோசிட்டீஸ் சேவையை இழுத்து மூடியது. தொண்ணூறுகளில் லட்சக்கணக்கானவர்கள் சொந்தப் பக்கம் போட்டுக் குடியிருந்த இடம். தன்னார்வலர்கள் சிலர் ராப்பகலாக உட்கார்ந்து முடிந்தமட்டும் நகலெடுத்தார்கள். மிச்சம் போயே போச்சு. 2013 ஜூலை 1ல் கூகுள் ரீடர் மூடப்பட்டது. 2005லிருந்து உலகம் முழுக்கப் பலருக்கும் அந்தப் பேப்பர் போடுகிற பையன் அதுதான். உபயோகிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றது கூகுள். இருக்கலாம். ஆனால் மிச்சமிருந்தவர்கள் கையில் இருந்த விலாசப் புத்தகமும் அதோடு போயிற்று. புத்திசாலிகள் வேறு சேவைக்கு மாற்றிக்கொண்டார்கள். நிறையப் பேர் அப்படியே விட்டுவிட்டார்கள். எழுதியவர்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். வருகிறவர்களுக்கு வழி மறந்துவிட்டது.

எல்லாரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கே முன்பு ஒரு பாடம் நடந்தது. 2006 ஜூலை, மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய வாரம். மத்திய தொலைத்தொடர்புத் துறை குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னது. இணையச் சேவை கொடுக்கும் கம்பெனிகள், அந்தப் பக்கங்களை மட்டும் தடுக்காமல், பிளாக்ஸ்பாட் மொத்தத்தையும் பூட்டிவிட்டன. ஒரு குடித்தனத்தின் மேல் புகார் வந்ததற்கு அபார்ட்மெண்டின் மெயின் கேட்டையே சாத்திவிட்ட கதை. சில நாளில் திறந்தார்கள். பாடம் என்னவோ பாடம்தான்.

ஃபேஸ்புக்கையோ ட்விட்டரையோ வில்லனாக்கிவிட்டுப் போவதும் நியாயமில்லை. வலைப்பதிவு பக்கமே வராத கோடிக்கணக்கானவர்கள் அங்கேதான் முதல் முறையாக நாலு வரி எழுதினார்கள். செலவில்லை, சிரமமில்லை. வேடிக்கை ஒன்று சொல்லவேண்டும். பிளாகர் தந்த அதே ஈவன் வில்லியம்ஸ்தான் 2006ல் ட்விட்டரைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அப்புறம் 2012ல் 'மீடியம்' என்று ஒரு தளம் தொடங்கினார். 2015ல் தெரக்ஷான் தன் துக்கத்தையெல்லாம் கொட்டி எழுதிய நீண்ட கட்டுரை எங்கே வெளியானது? அந்த மீடியத்தில்தான்!

*

கைஃபோர்டுக்கு வருவோம். பீப்ஸுக்கு மறுபிறவி கொடுத்தவர்.

2022 நவம்பரில் அவர் இன்னொரு காரியம் பண்ணினார். வலைப்பதிவுகள் செத்துவிட்டன என்று எல்லாரும் பத்து வருஷமாக ஒப்பாரி வைக்கிறார்களே, நிஜமாகவே செத்துவிட்டனவா என்று தேடிப்போய்ப் பார்த்து, ஒரு பட்டியல் போட்டார். கலை, அறிவியல், ஊர்கள், பொழுதுபோக்கு என்று தலைப்பு வாரியாக. ஒவ்வொன்றையும் தானே பார்த்துச் சேர்த்தார். எதையாவது புதிதாகப் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு 'ஊ' என்போமே, அந்தச் சத்தத்தையே பெயரில் வைத்து 'ஊ டைரக்டரி' என்றார். பெயர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. யாரும் செத்திருக்கவில்லை. பூச்சி ஆராய்ச்சி செய்கிறவர் பூச்சியைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தார். பழைய வரைபடம் சேகரிக்கிறவர் வரைபடம் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தார். பட்டியலைத்தான் காணோம்.

1999ல் காரெட் போட்ட 23 பேர் பட்டியலுக்கும் இதற்கும் எண்ணிக்கையைத் தவிர என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. இரண்டும் கையால் போட்டவை. நடுவில் எத்தனையோ கோடி டாலர் கம்பெனிகள் வந்து, எத்தனையோ கணக்குகள் போட்டு, 'உங்களுக்குப் பிடித்ததை நாங்களே காட்டுகிறோம்' என்றன. ஏற்கெனவே பிடித்ததைக் காட்டின. சரி. பிடிக்குமென்றே நமக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட, இன்றைக்கும் 'அங்கே போய்ப் பாரேன்' என்று சொல்ல ஒரு மனுஷன் தேவைப்படுகிறான்.

வரலாறு எழுதும்போது எழுதியவர்களைப் பற்றிப் பேசுகிறோம். தடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். விலாசம் எழுதி வைத்தவர்களை மறந்துவிடுகிறோம். பிரிஜிட் ஈட்டனுக்குச் சிலை கிடையாது. ஆனால் அந்தப் பட்டியல்கள் இல்லாவிட்டால், எழுதிய பாதிப் பேர் எழுதியது அவரவர் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும், பிள்ளைவாளின் டைரி மாதிரி.

உங்களுக்கும் அப்படி நாலு பேரைத் தெரிந்திருக்கும். யாரும் கேட்காமலே பல வருஷமாக ஏதோ ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்கள் விலாசத்தை ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆளிடம் கொடுங்கள். பெரிய சேவையெல்லாம் இல்லை. ஐந்து நிமிஷ வேலை.

கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஜான் ஸ்மித் மூன்று வருஷம் கண் எரிய உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு வேண்டியதும் அந்த ஐந்து நிமிஷம்தான். விளக்கப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'தம்பி, அந்த அலமாரியைப் பார்' என்று சொல்ல ஆளில்லை.